சந்தா முடிந்துவிட்டது, பழைய டிசைனில் இருக்கும் படம் இன்னும் என்னுடையதா?

கல்முனையில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். சுருக்கிச் சொன்னால் நிலைமை இது. அறுகம்பையில் விருந்தினர் விடுதி நடத்தும் ஒருவர், இரண்டு வருடத்துக்கு முன் நீங்கள் செய்துகொடுத்த துண்டுப்பிரசுரத்தில் தொலைபேசி இலக்கத்தை மட்டும் மாற்றி இன்னும் 2,000 பிரதி அடித்துத் தரச் சொல்கிறார். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் அந்தப் பைலைத் திறந்தால் பாதிப் படத்துக்கு லிங்க், அதாவது மூலப் படப் பைலுக்கான இணைப்பு, இல்லை. அவற்றில் சில, முன்பு நீங்கள் வேலை செய்த நிறுவனத்தின் அடோபி ஸ்டொக் என்ற படத் தளக் கணக்கில் எடுத்தவை. சில, அதுபோன்ற இன்னொரு தளமான என்வாட்டோ எலிமென்ட்ஸில் உங்கள் சொந்தச் சந்தாவில் எடுத்தவை. வங்கி கார்டை நிராகரித்ததில் அந்தச் சந்தா நின்றுவிட்டது. மிச்சம், பேஸ்புக்கில் ஒருவருக்குக் காசு கொடுத்துச் சேர்ந்த, கன்வா என்ற இணைய டிசைன் தளத்தின் கட்டணப் பதிப்பான கன்வா புரோ குழுவில் எடுத்தவை. "காசு கட்டி எடுத்த படம் எனக்குச் சொந்தமா இல்லையா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

இதில் மூன்று கேள்வி பின்னிக் கிடக்கிறது. பைல் கையில் இருக்கிறதா என்பது ஒன்று. அதைப் பயன்படுத்த உரிமம் இருக்கிறதா என்பது இன்னொன்று. யாராவது கேட்டால் அந்த உரிமத்தைக் காட்ட முடியுமா என்பது மூன்றாவது. பைல் தொலைந்தும் உரிமம் உயிரோடு இருக்கலாம். ஹார்ட் டிஸ்க் நிறையப் பைல் இருந்தும் ஒன்றுக்குக்கூட உரிமம் இல்லாமல் போகலாம். சொந்தம் என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள். ஸ்டொக் தளங்கள், அதாவது ஆயத்தப் படங்களைச் சேர்த்து வைத்து வழங்கும் தளங்கள், படத்தை விற்பதில்லை. இன்னார், இன்ன வேலைக்கு, இன்ன அளவுக்குப் பயன்படுத்தலாம் என்ற அனுமதியைத்தான் விற்கின்றன. ரோயல்டி ஃப்ரீ என்று எழுதியிருப்பதைப் பார்த்து இலவசம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒவ்வொரு தடவைக்கும் தனித்தனியே கட்டணம் கட்டத் தேவையில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள். நம் பக்கத்து டிசைனர்கள் பெரும்பாலும் தொலைப்பது மூன்றாவதை, அதாவது அத்தாட்சியை. உரிமம் போய்விட்டது என்று பயப்படுகிற பலருக்கு உண்மையில் பற்றுச்சீட்டுத்தான் காணாமல் போயிருக்கும்.

அடோபி ஸ்டொக்கில் விஷயம் ஓரளவு தெளிவு. உரிமம் பெற்று இறக்கிய படத்துக்குச் சந்தா முடிந்த பிறகும் உரிமம் தொடரும், காலவரை இல்லை. சந்தாவை நிறுத்தும்போது போவது, படம் எடுக்கக் கொடுக்கப்பட்டுப் பயன்படுத்தாமல் கிடந்த கிரெடிட்தான். அதே மின்னஞ்சலில் உள்நுழைந்தால் உரிம வரலாற்றுப் பக்கத்தில் பழைய படங்கள் வரிசையாக நிற்கும், அங்கிருந்தே மறுபடி இறக்கலாம். ஆனால் இது தனியாள் கணக்குக்கு. குழுக் கணக்கில் எடுத்தது நிறுவனத்தின் உரிமம். உங்கள் பெயரைக் குழுவில் இருந்து எடுத்த அன்றே அந்த வரலாறு உங்கள் கண்ணுக்கு மறைந்துவிடும். உரிமமும் உங்களோடு வீட்டுக்கு வராது. ஆகவே கேட்க வேண்டியது, அந்தத் துண்டுப்பிரசுரம் யாருடைய வேலையாகச் செய்யப்பட்டது என்பதை. நிறுவனத்தின் வேலையாக, விடுதிக்காக எடுக்கப்பட்ட படம் என்றால், விடுதிக்காரர் அதே பிரசுரத்தைத் தொடர்ந்து அடிப்பதில் சிக்கல் இல்லை. சாதாரண உரிமத்தில் 5,00,000 அச்சுப் பிரதிவரை இடம் இருக்கிறது, அறுகம்பையில் ஒரு விடுதி அந்த எண்ணைத் தாண்டப்போவதில்லை. மாறாக, வேலை நேரம் முடிந்தபின் நிறுவனத்தின் கணக்கில் உங்கள் சொந்த வாடிக்கையாளருக்காக எடுத்திருந்தால் அந்தப் படத்துக்கு உங்களிடம் உரிமம் இருந்ததே இல்லை. கசப்பாக இருந்தாலும் அதுதான் நிலை. விடுதிக்கு எடுத்த அதே படத்தைப் பொத்துவிலில் இன்னொரு கடைக்கும் போடுவது அதே வகைத் தவறு. ஒரு வாடிக்கையாளருக்கு எடுத்ததை மற்றவருக்குப் போட மறுபடி உரிமம் வாங்க வேண்டும். படத்தைக் கோப்பையிலோ டீசேர்ட்டிலோ போட்டு விற்பதற்கு வேறு, விலை கூடிய உரிமம் தேவை.

அடோபியில் இன்னொரு பொறி இருக்கிறது. வாட்டர்மார்க் உள்ள முன்னோட்டப் படத்தை லைப்ரரி வழியாக டிசைனில் வைத்து, வாடிக்கையாளர் சம்மதித்த பின் உரிமம் வாங்குவது வழக்கம். வாங்கியதும் வாட்டர்மார்க் இல்லாத பெரிய படம் தானாக வந்து உட்காரும். அவசரத்தில் அந்தப் படி விடுபட்டுப் போவது உண்டு. லிங்க் காணவில்லை என்று காட்டும் படம் உண்மையில் ஒருபோதும் உரிமம் பெறாத முன்னோட்டமாக இருக்கலாம். பெரிதாக்கிப் பாருங்கள், மங்கலாக எழுத்து தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

என்வாட்டோ எலிமென்ட்ஸ் வேறு விதம். நீங்கள் இறக்கிய காலத்தில் ஒவ்வொரு தரவிறக்கத்தையும் ஒரு புரொஜெக்ட் பெயரில் பதியச் சொன்னது நினைவிருக்கும். உரிமம் அந்தப் பெயரோடு கட்டப்பட்டது. சந்தா இருந்த காலத்தில் செய்துமுடித்த வேலைக்கு உரிமம் சந்தா போனபின்னும் நீடிக்கும். அதே படத்தைக் கொண்டு புதிய வேலை தொடங்க முடியாது. இதுவரை உறுதியாகச் சொல்லலாம். இலக்கத்தை மட்டும் மாற்றி மறுபதிப்புச் செய்வது பழைய வேலையா புதிய வேலையா என்பதில்தான் சந்தேகம் வருகிறது. என் தீர்ப்பு, அது பழைய வேலை: அதே வாடிக்கையாளர், அதே பொருள், அதே வடிவம், ஒரு வரித் திருத்தம். அதே படத்தை எடுத்து விடுதிக்கு வாசல் பெனர் செய்தால் அது புதிது. இந்த வருடக் கலண்டரின் படத்தை அடுத்த வருடக் கலண்டருக்குத் தூக்கினாலும் புதிது. எல்லைக்கோட்டில் நிற்கும் வேலைக்கு வாதாடிக்கொண்டிருப்பதைவிட ஒரு மாதச் சந்தா கட்டி அதே படத்தை மறுபடி இறக்கிப் புதிய வேலைக்கென வைத்துக்கொள்வது மலிவு. பல வேலைகளைச் சேர்த்துவைத்து அந்த ஒரு மாதத்துக்குள் முடித்தால் டொலர் கணக்கும் உறுத்தாது.

மூன்று தளங்களிலும் உங்கள் நிலைமை மிக மோசமாக இருப்பது கன்வாவில்தான். முறையாகக் கட்டிய கன்வா புரோ என்றால், சந்தா இருக்கும்போது இறக்கி முடித்த டிசைனுக்கு உரிமம் நிலைக்கும். புரோ படங்களின் உரிமம் ஒவ்வொரு டிசைனாகத்தான் கிடைக்கிறது. சந்தா போனபின் புரோ படம் உள்ள டிசைனை மாற்றி மறுபடி இறக்கப்போனால் வாட்டர்மார்க் வரும், அல்லது அந்தப் படத்துக்குத் தனியே காசு கேட்கும். ஆனால் பேஸ்புக்கில் சில நூறு ரூபாய்க்கு விற்கப்படும் குழு இடங்கள் பெரும்பாலும் பாடசாலைகளுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்ட கல்விக் கணக்குகளில் இருந்து பிய்த்து விற்பவை. அதில் ஆசிரியரோ மாணவரோ இல்லாத ஒருவர் சேர்ந்து வணிக வேலை செய்ததற்கு விதிமுறையில் இடமில்லை. நீங்கள் கொடுத்த காசு கன்வாவுக்குப் போகவில்லை, விற்றவரின் பைக்குப் போனது. குழுவை மூடினால் அதற்குள் செய்த டிசைன்களும் போகும், கேட்க யாரும் இருக்கமாட்டார். அந்தப் படங்களை உரிமம் இல்லாதவை என்று கணக்கெடுத்து மாற்றிவிடுங்கள். உங்கள் சொந்த இலவசக் கணக்கில் அதே படத்தைத் தேடி, அந்த ஒரு டிசைனுக்கு மட்டும் காசு கட்டுவதும் ஒரு வழி.

இலவசத் தளங்களைப் பற்றிக் கேட்கவில்லை, என்றாலும் உங்கள் பைலில் அவையும் இருக்கும். அன்ஸ்பிளாஷ் 2017 வரையும் பிக்ஸாபே 2019 தொடக்கம் வரையும் படங்களைப் பொதுவுடைமைக்கு ஒப்பான சீசீ சைபர் முறையில் கொடுத்தன. பிறகு சொந்த உரிமத்துக்கு மாறின. பிக்ஸாபேயும் பெக்ஸல்ஸும் 2019 இல் கன்வாவின் கைக்குப் போயின, அன்ஸ்பிளாஷை 2021 இல் கெட்டி இமேஜஸ் வாங்கியது. படம் எடுத்தவர் பின்னர் அதை நீக்கினாலும், விதிப்படி நீங்கள் முன்பு இறக்கியதற்கான அனுமதி போகாது. தொல்லை எங்கே என்றால், அதை நிரூபிக்க அந்தப் பக்கமே இல்லாமல் போய்விடும். ஃப்ரீபிக்கில் இலவசமாக எடுத்ததற்குப் படைத்தவர் பெயரைப் போட வேண்டும். நம் ஊர் நோட்டீஸ்களில் அந்த வரியை நான் பார்ப்பது அரிது. ஃப்ரீபிக் வடிவத்தை எடுத்துக் கடைக்கு லோகோவாக்கிக் கொடுப்பது இன்னும் பெரிய பிழை. ஏறக்குறைய எல்லா ஸ்டொக் உரிமமும் லோகோவுக்கும் வணிகக் குறிக்கும் தடை போட்டிருக்கிறது, காசு கட்டிய உரிமம் உட்பட.

இனிப் பைலை மீட்கும் வேலை. முதலில் முழு வேலைக் கோப்புறையையும் வேறு டிஸ்கில் பிரதி எடுங்கள். மூலப் பிரதியில் எதையும் சேமிக்க வேண்டாம். இன்டிசைனில் லிங்க்ஸ் பெனலைத் திறந்தால் காணாமல் போனவற்றுக்குச் சிவப்பு வட்டத்தில் கேள்விக்குறி இருக்கும். கவனம், படம் காணாமல் போயிருந்தாலும் திரையில் அது தெரியும். அது இன்டிசைன் தனக்குள் வைத்திருக்கும் சிறிய முன்னோட்டம். எச்சரிக்கையைத் தட்டிவிட்டுப் பீடிஎப் எடுத்தால் அந்தச் சிறிய படமே அச்சுக்குப் போகும். திரையில் நன்றாக இருந்தது, அச்சில் மங்கிவிட்டது என்று அச்சகத்தோடு சண்டை பிடிக்கும் பல சம்பவங்களுக்குக் காரணம் இதுதான். அந்தப் பெனலில் உள்ள பைல் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். அடோபி ஸ்டொக், ஷட்டர்ஸ்டொக், ஐஸ்டொக் மூன்றும் தளத்தின் பெயரையும் பட இலக்கத்தையும் சேர்த்தே பைலுக்குப் பெயர் வைக்கும். அந்த இலக்கத்தைத் தளத்தின் தேடலில் கொடுத்தால் அதே படம் வந்து நிற்கும். "பீச் ஃபைனல் இரண்டு" என்று நீங்களே பெயர் மாற்றி வைத்திருந்தால் அந்த நூல் அறுந்துவிட்டது. படத்தைக் கொண்டே படத்தைத் தேடும் டின்ஐயிலோ கூகுள் லென்ஸிலோ அதைக் கொடுத்துத் தேட வேண்டும்.

பைல் கிடைக்கக்கூடிய இடங்களை வரிசையாகப் பாருங்கள். அச்சகத்தின் கம்பியூட்டர் முதலாவது. முன்பு அடித்த அச்சகத்துக்குப் பெக்கேஜ் கோப்புறையாக, அதாவது டிசைனையும் அதன் படங்களையும் ஒன்றுசேர்த்து, கொடுத்திருந்தால் லிங்க்ஸ் என்ற உட்கோப்புறையில் மூலப் படங்கள் அப்படியே கிடக்கும். பீடிஎப் மட்டும் கொடுத்திருந்தாலும் கைவிடத் தேவையில்லை. போட்டோஷொப்பில் பீடிஎப்பைத் திறக்கும்போது பக்கங்கள், படங்கள் என்று கேட்கும் இடத்தில் படங்களைத் தெரிந்தால் உள்ளே புதைந்தவை தனித்தனியே வரும். இன்டிசைனின் உயர்தர அச்சு அமைப்பு 450 பிபிஐக்கு (ஓர் அங்குலத்துக்கு 450 பிக்சலுக்கு) மேற்பட்ட படங்களை 300க்குக் குறைத்துவிடும், ஆகவே அதே அளவில் மறுபதிப்புக்கு அது போதும், பெனருக்குப் போதாது. ஏ4 முழுப்பக்கம் 300 பிபிஐயில் 2480க்கு 3508 பிக்சல் என்பதை வைத்துச் சரிபாருங்கள். போட்டோஷொப் பைலில் படம் ஸ்மார்ட் ஒப்ஜெக்டாக, அதாவது மூலம் மாறாமல், உட்பொதிந்திருந்தால் அதிர்ஷ்டம்: லேயர் மெனுவில் ஸ்மார்ட் ஒப்ஜெக்ட்டின் கீழ் உள்ளடக்கத்தை ஏற்றுமதி செய்யும் கட்டளை மூலப் படத்தை அப்படியே வெளியே தரும். அதை ராஸ்டரைஸ் செய்து சாதாரணப் பிக்சல் லேயராக மாற்றியிருந்தால் போனது போனதுதான். இல்லஸ்ட்ரேட்டரில் உட்பொதிந்த படத்தை லிங்க்ஸ் பெனல் மெனுவில் உள்ள அன்எம்பெட் கட்டளையால் வெளியே எடுக்கலாம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பியதை நம்ப வேண்டாம், அது சுருக்கிவிடும். நீளப் பக்கம் 1600 பிக்சல் என்றால் அச்சில் 13 சென்ரிமீற்றர் சொச்சம்தான் தாங்கும். ஆவணமாக அனுப்பியிருந்தால் சுருங்காது.

இப்படி மீட்ட பைல் உரிமத்தைக் கொண்டுவராது என்பதையும் சொல்லியாக வேண்டும். பீடிஎப்பில் இருந்து பிடுங்கிய படம், உரிமம் ஏற்கெனவே உள்ள அதே பிரசுரத்துக்கு மட்டும்.

பணம் கட்டிய உரிமமும் ஒரு சந்தர்ப்பத்தில் செல்லாமல் போகும். படத்தில் உள்ளவர் சம்மதம் தரவில்லை என்றோ, ஏற்றியவர் படத்தின் சொந்தக்காரர் இல்லை என்றோ தெரியவந்தால் இனிப் பயன்படுத்த வேண்டாம் என்று தளம் அறிவிக்கலாம். பெரிய தளங்களின் விதிமுறைகளில் அந்த வாசகம் உண்டு. அறிவிப்பு கணக்கின் மின்னஞ்சலுக்குத்தான் வரும். நீங்கள் விலகிய நிறுவனத்துக்கு வந்ததை உங்களுக்கு யாரும் அனுப்பப்போவதில்லை. தளமே மூடப்படுவதும் நடந்திருக்கிறது. டொலர் போட்டோ கிளப் 2016 இல் மூடப்பட்டது. அதன் தாயான ஃபொட்டோலியாவை அடோபி வாங்கி, 2019 நவம்பரில் அதையும் மூடி, வாடிக்கையாளர்களை அடோபி ஸ்டொக்குக்கு மாறச் சொன்னது. அதனால் தளத்தின் சேர்வரை உங்கள் களஞ்சியமாக நினைக்காதீர்கள். சந்தாவை நிறுத்தினாலும் கணக்கை அழிக்காதீர்கள். கணக்கை அழித்தால் உரிம வரலாறும் சேர்ந்து போகும். 2022 நெருக்கடியில் நம்மவர் பலரின் கார்ட்கள் வெளிநாட்டுக் கட்டணத்துக்கு வேலை செய்யாமல் போனது போல இன்னொரு தடவையும் நடக்கலாம். கட்டண நாளுக்கு ஒரு கிழமைக்கு முன்பே, நடக்கும் வேலைகளின் படங்களை மிகப் பெரிய அளவில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டப் பக்கம் என் தொழில் அறிவு குறைந்த அளவுக்குத்தான் போகும், சட்டத்தரணியின் இடத்தை இது நிரப்பாது. இலங்கையில் 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் படங்களைப் பதிப்புரிமையால் பாதுகாக்கிறது, பதிவு செய்யத் தேவையில்லை. நடைமுறையில் அச்சிட்ட துண்டுப்பிரசுரத்தை யாரும் தேடிப் பிடிப்பதில்லை. ஆனால் விடுதிக்காரர் அதே படத்தைத் தன் இணையத்தளத்திலும் முன்பதிவுப் பக்கத்திலும் ஏற்றுவார். பட நிறுவனங்களின் தேடு மென்பொருள்கள் இணையத்தைத்தான் துழாவுகின்றன. கட்டணம் கேட்கும் மின்னஞ்சல் உங்களுக்கு வராது, அவருக்கு வரும். அவர் உங்களைத்தான் கூப்பிடுவார். அப்போது காட்ட வேண்டியவை: பணம் கட்டிய பற்றுச்சீட்டு, உரிம வரலாற்றுப் பக்கத்தின் பீடிஎப், படத்தின் இலக்கம், இறக்கிய திகதி, அந்த நாளில் இருந்த விதிமுறை. பொதுவாக உங்களைக் கட்டுவது நீங்கள் இறக்கிய காலத்து விதி. அதன் பழைய வடிவத்தை, இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமிக்கும் வேபேக் மெஷினில் திகதி கொடுத்துப் பார்க்கலாம். இனிமேல் இவற்றை ஒவ்வொரு வேலையின் கோப்புறையிலேயே போட்டுவையுங்கள். மின்னஞ்சல் பெட்டியில் மட்டும் வைத்தால் கடவுச்சொல்லோடு சேர்ந்து தொலையும்.

இந்த 2,000 பிரதிக்கு நான் செய்யச் சொல்வது: பழைய நிறுவனத்தோடு கோபம் இல்லை என்றால் கூப்பிட்டு, அந்தப் பட இலக்கங்களுக்கான உரிம வரலாற்றை ஒரு பக்கப் பீடிஎப்பாகக் கேளுங்கள், அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை. என்வாட்டோ படங்களைப் பழைய பீடிஎப்பில் இருந்து எடுத்து அப்படியே வையுங்கள். கன்வாவில் இருந்து வந்தவற்றை எடுத்துவிட்டு, பொத்துவில் பக்கம் கமெரா வைத்திருக்கும் ஒரு பொடியனை அரை நாள் கூப்பிட்டு விடுதியையும் கடலையும் எடுக்கச் சொல்லுங்கள். அலையே இல்லாத நீலக் குளம் போன்ற மாலைதீவுக் கடலை அறுகம்பைப் பிரசுரத்தில் போட்டால், அலைச்சறுக்க வருகிற வெள்ளைக்காரன் முதல் பார்வையிலேயே சிரித்துவிடுவான். அந்தப் பொடியன் எடுக்கும் படங்களுக்கும் எழுத்தில் அனுமதி வேண்டும்; நம் சட்டத்தில் பதிப்புரிமை உரிமம் எழுத்தில், இருவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். ஒரு தாள் போதும்: எந்தெந்தப் படம், அச்சுக்கா இணையத்துக்குமா, எவ்வளவு காலம், எவ்வளவு காசு, விடுதிக்காரர் நேரடியாகப் பயன்படுத்தலாமா, படத்தில் முகம் தெரிகிறவர்கள் சம்மதித்தார்களா. அதில் ஒரு பிரதி படம் எடுத்தவருக்கு, ஒன்று உங்களுக்கு, ஒன்று விடுதிக்காரருக்கு.